வலப்பக்கக் கேன்

1. கண் எரிந்த இடம்

லொறி நின்றது காலை பதினொரு மணிக்கு. எங்கள் தோட்டத்திலிருந்து கேகாலைக்கு இறங்கும் பாதையில், இறக்கமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்ன ஏற்றம் வரும். அங்கேதான் சூட்டு ஊசி சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் அடிப்பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் துணி போட்டுத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. சூட்டில் எரிகிறது என்று நினைத்தேன். பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனாள். பால் லொறி பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் அது.

பால் என்றால் மாட்டுப்பால் இல்லை, இறப்பர் பால். என் பெயர் சவரிமுத்து. முப்பத்தொரு வருடம் தோட்டத்து வண்டி ஓட்டினேன். அதில் இருபத்திரண்டு வருடம் பால் லொறி. விடியக்காலையில் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறார்கள், பத்து மணிக்குள் பாலைச் சேர்க்கிறார்கள். தோட்டத்தின் மூன்று டிவிஷனிலும் வாங்கி, டாங்கியில் ஊற்றி, வரக்காப்பொலைக்கு அப்பால் இருக்கும் பெக்டரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வழியில் பால் கட்டியாகாமல் இருக்க அமோனியாத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை அளந்து ஊற்றுவதும் நான்தான். ஊற்றாவிட்டால் மதியத்துக்குள் தயிராகிவிடும்.

கெபினுக்குப் பின்னால் ஒரு இரும்பு ரேக். அதில் இரண்டு நீலக் கேன்கள். வலப்பக்கம் இருப்பது அமோனியா, இடப்பக்கம் இருப்பது ரேடியேட்டருக்கு ஊற்றும் தண்ணீர். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். நான் ஒருவன்தான் தொடுவேன், எனக்கு எதற்கு அடையாளம் என்று இருந்துவிட்டேன்.

அன்று வேறொரு லொறி வந்து கட்டி இழுத்துப் போவதற்குள் மூன்று மணி. டாங்கி மூடியைத் திறந்தால் உள்ளே பால் இல்லை, ஒரே பாளம். அதைக் கத்தியால் வெட்டி வெட்டி எடுக்க இரண்டு நாளானது. நூற்றுச் சொச்சம் பேர் பனியில் மரம் மரமாக நடந்து வெட்டிய பால்.

தோட்டத்து நிர்வாகி, பெரிய துரை, என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கத்துகிற மனிதர் இல்லை அவர். அதுதான் பயம்.

"சவரி, வண்டி பழசு. அது எனக்குத் தெரியும். ஆனா பாலு பழசு இல்லயே. இன்னொரு தரம் டாங்கியில பால் கட்டியாச்சுன்னா ஒன்ன லொறிய விட்டு எறக்கிருவேன். வெறகு ட்ரக்டருக்குப் போயிரு."

"சேர், போன வாரந்தாங்க பஷீர் நானா கராஜுல கிளச் வேலைக்கு விட்டோம். அதுக்கு மொத நாள் வரைக்கும் ரேடியேட்டர்ல ஒரு சொட்டு ஒழுகலங்க."

அது உண்மைதான். ஒரு சொட்டுப் பொய் அதில் இல்லை.

2. எனக்கு அந்த சீட் ஏன் வேண்டும்

இதைச் சொல்லாவிட்டால் பிறகு நான் செய்தது எதுவும் உங்களுக்கு விளங்காது.

லொறியை எடுத்துக்கொண்டு மேல் டிவிஷனிலிருந்து இறங்கும்போது பனி இன்னும் மரங்களுக்கு நடுவில்தான் இருக்கும். ஜனவரியில் இறப்பர் இலை சிவக்கும். வெயில் மேலே பட்டு, கீழே பனி நின்று, நடுவில் சிவப்பு. பழைய டீசல் எஞ்சின் ஒரே தாளத்தில் ஓடும். டாங்கியில் பால் ஆடும்போது லொறி முழுவதும் மெல்லச் சாய்ந்து திரும்பி வரும். அந்த அசைவில் உடம்பு தானாக வண்டியை ஓட்டும், மனசு வேறெங்கோ போய்விடும். செத்துப்போன அப்பா பாதையோரம் பால் வாளியோடு நிற்கிற மாதிரி இருக்கும். கை காட்டுவார். நானும் தலையாட்டிவிட்டுப் போவேன். விழித்துக்கொண்டே கண்ட கனவுகள் அவை. அந்த இரண்டு மணி நேரத்தில் என்னை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்தில் கல்யாணம் கட்டி, பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேரோடு வாழ்ந்தவனுக்கு, தனக்கென்று கிடைத்த ஒரே அறை அந்தக் கெபின்தான்.

விறகு ட்ரக்டரில் அது கிடையாது. உட்காரும் இடத்துக்குக் கூரைகூட இல்லை.

3. பஷீர் நானா

மாவனல்லைக்குப் போகிற வழியில் இருந்தது அவருடைய கராஜ். எங்கள் தோட்டத்து வண்டிகள் எல்லாம் பல வருடமாக அங்கேதான் போகும். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். பஷீர் நானா நல்ல மனிதர். நல்ல கையும்கூட. ஆனால் கவனம் என்ற சாமான் மட்டும் அவர் கடையில் ஸ்டொக் இல்லை.

ஒரு தடவை சைலன்சர் வேலைக்கு விட்டேன். எஞ்சின் மேலே அவருடைய பதினேழாம் நம்பர் ஸ்பெனரை வைத்துவிட்டு மறந்துபோனார். அது மூன்று நாள் என்னோடு வரக்காப்பொலைக்குப் போய்ப் போய் வந்தது. இன்னொரு தடவை லொறி இழுக்கவே இல்லை. எயார் கிளீனர் குழாயைக் கழற்றினால் உள்ளே அரைச் சாரம், பாதியாகக் கிழித்த கைலி. தூசி போகக்கூடாது என்று அடைத்து வைத்தாராம், எடுக்க மறந்துவிட்டாராம். போய்ச் சொன்னால், "ஆ, எண்ட சாரம் அங்கயா ஈந்திச்சி? நான் ஊடு முழுக்கத் தேடினன்" என்று வாங்கி உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோபத்தோடு போனவன் சிரித்துவிட்டு வந்தேன். அப்படித்தான் ஒவ்வொரு தடவையும்.

ரேடியேட்டர் விஷயத்தில் நான் சிரிக்கவில்லை.

"நானா, கிளச் வேலைக்குத்தானே விட்டேன். ரேடியேட்டர என்னா செஞ்சீங்க?"

"அதுல நான் கையே வைக்கல்ல டிரைவர். கெபினத் தூக்கினன், கிளச்சப் போட்டன், கெபின எறக்கினன். அவ்வளவுதான்."

"எறக்கையில இடிச்சிருப்பீங்க."

அவர் தாடியைச் சொறிந்தார். "இடிச்சும் ஈக்கலாம்" என்றார். அவரிடம் உள்ள நல்ல குணம் அது, எதையும் அடித்து மறுக்கமாட்டார். அதுவே அன்று எனக்கு வசதியாகப் போயிற்று.

மறுபடி கெபினைத் தூக்கினார். கெபினைத் தூக்க வேண்டுமென்றால் பின்னால் இருக்கும் ரேக்கைக் கழற்ற வேண்டும். ரேக்கைக் கழற்ற வேண்டுமென்றால் கேன்களை இறக்க வேண்டும். நான் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ரேடியேட்டரை ஒட்டி, எல்லாவற்றையும் மாட்டி முடித்திருந்தார்.

"ஈயம் நல்லாப் புடிச்சிருச்சி. இனிப் போகாது. போனா நீங்க எண்ட தாடியப் புடிச்சுக் கேளுங்க."

4. எட்டு நாள்

எட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. அந்த எட்டு நாளும் பனி கூடுதலாக இருந்தது. ஏழு மணிக்கும் லைட் போட்டுக்கொண்டு ஓட்டினேன். ஒவ்வொரு நாளும் காலையில் இடப்பக்கக் கேனிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொரு டிவிஷனிலும் வலப்பக்கக் கேனிலிருந்து அளவுக் கோப்பையில் அமோனியா எடுத்து, காட்டம் மூக்கில் ஏறாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு டாங்கியில் ஊற்றினேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

ஒன்பதாம் நாள் வரக்காப்பொலை நெருங்கும்போது ஊசி மறுபடியும் சிவப்புக்குப் போனது. எப்படியோ உருட்டிக்கொண்டு பெக்டரிக்குள் நுழைந்தேன். டாங்கியைத் திறந்த சாம்பிள் எடுக்கிறவர் குச்சியை விட்டுக் கிளறினார். குச்சி நின்றது.

இந்தத் தடவை துரை கூப்பிடுவதற்கு முன்னால் நானே போனேன். பயந்தவனுக்கு வாய் நீளும் என்பதை அன்று பார்த்தேன்.

"சேர், கணக்குப் பாருங்க. நானா கராஜுக்குப் போகாத மாசம் எல்லாம் வண்டி ஒழுங்கா ஓடுது. போய்ட்டு வந்தா பத்து நாளைக்குள்ள ரேடியேட்டர் போகுது, பால் கட்டியாகுது. ரெண்டு தரம் ஒரே மாதிரி. அந்த ஆளு ஏனோதானோன்னு வேல செய்றதுக்கு நான் எப்பிடிங்க பொறுப்பு?"

துரை யோசித்தார். ஸ்பெனர் கதையும் சாரம் கதையும் அவருக்கும் தெரியும். "சரி, இனிமே எங்க தோட்டத்து வண்டி ஒண்ணும் அங்க போக வேணாம்" என்றார். என் சீட் தப்பியது.

அதோடு நின்றிருக்கலாம். தோட்ட டிரைவர்மார் நாற்பது பேர் இருக்கிற வட்சப் குரூப் ஒன்று உண்டு. அதில் ஒரு வொய்ஸ் போட்டேன். பஷீர் நானா கராஜுக்கு யாரும் போகாதீங்க, ரெண்டு டாங்கிப் பாலு போச்சு, அந்த ஆளுக்குக் கை போயிருச்சு என்று மூன்று நிமிஷம் பேசினேன். போட்ட பிறகு நானே அதை இரண்டு தடவை கேட்டேன். நன்றாகப் பேசியிருந்தேன்.

5. வரக்காப்பொலையில்

ரேடியேட்டர் வேலை மட்டும் செய்கிற ஒரு பாஸ் வரக்காப்பொலையில் இருந்தார். கைவேலைக்காரரை நாங்கள் பாஸ் என்றுதான் சொல்வோம். வயதான சிங்களவர். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ரேடியேட்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு ஈயம் வச்சது யாரு?"

"ஏன் பாஸ், சரியில்லையா?"

"அருமையான வேலை. ஒட்டின இடம் ஒண்ணுமே ஆகலை. பக்கத்துல பாரு, பித்தளையே வெடிச்சிருக்கு. பச்சை பூத்திருக்கு. நீ என்ன தண்ணி ஊத்துற?"

இடப்பக்கக் கேனை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். மூடியைத் திருகியவர் தலையைப் பட்டென்று பின்னால் இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேனைக் காலால் தள்ளினார்.

"இது அமோனியா. பித்தளைக்கு நஞ்சு. நீ மோந்து பார்க்கவே இல்லையா?"

குனிந்து மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் காற்று. இன்னும் கிட்டப் போனேன். கண் ஓரம் லேசாக எரிந்தது, மூக்கில் ஒன்றும் வரவில்லை. பட்டறைக்கு வெளியே கண்டி ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் எங்கோ தூரத்தில் நடக்கிற மாதிரி இருந்தது.

பாஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா பாஸ், அமோனியாதான்" என்றேன், மணம் வந்தவனைப் போல.

லொறிக்குப் போய் வலப்பக்கக் கேனைத் திறந்து, நாக்கின் நுனியில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். தண்ணீர். சுத்தமான ஊற்றுத் தண்ணீர்.

எல்லாம் ஒரு நிமிஷத்தில் விளங்கியது. பஷீர் நானா கெபினைத் தூக்கும்போதெல்லாம் கேன்களை இறக்கினார், திரும்ப மாட்டும்போது இடம் மாற்றி வைத்தார். அடுத்த தடவை கேனை நிரப்பும் வரைக்கும் ரேடியேட்டருக்கு அமோனியா போனது, பாலுக்குத் தண்ணீர் போனது. நிரப்பும்போது நான் இடத்தைப் பார்த்துத்தான் ஊற்றுவேன், அதனால் முதல் தடவை அது தானாகச் சரியாகியிருக்கிறது. நான் எட்டு நாள் வெறும் தண்ணீருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றியிருக்கிறேன். நேரத்துக்குப் பெக்டரி சேர்ந்ததால் அந்த எட்டு நாளும் பால் தப்பியிருக்கிறது. மூக்குள்ள எவனும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பான்.

6. எப்போது போனது

வீட்டுக்கு வந்து, என் மனைவி மேரி இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்து மோந்தேன். சவர்க்காரம். கருவாட்டுப் பை. காய்ச்சல் தைலம். கறிவேப்பிலையைக் கசக்கி மோந்தேன். கசங்கின சத்தம் கேட்டது, அவ்வளவுதான். மாதா படத்துக்கு முன்னால் கொஞ்சம் சாம்பிராணி போட்டேன். புகை மேலே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழகாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருந்தது.

எந்த வருடம் போனது, எது கடைசியாகப் போனது என்று நினைத்துப் பார்த்தேன். தெரியவில்லை. கை போனால் தெரியும், பல் போனால் தெரியும். இது சொல்லிக்கொள்ளாமலே போயிருக்கிறது. கோயிலில் சாம்பிராணி மணக்கிறது என்று நான் நினைத்ததெல்லாம் ஞாபகத்தில் மணந்ததுதான் போலிருக்கிறது.

மேரி வந்தாள். சாம்பிராணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மேரி, எனக்கு வாசன தெரியல."

"தெரியுங்க" என்றாள் அவள். "ஏழெட்டு வருஷம் இருக்கும். சோறு அடிப்புடிச்சு வீடெல்லாம் பொக. நீங்க அடுப்புகிட்ட ஒக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க போயி தொரைகிட்ட சொல்லுவீங்க. பால் லொறிக்கு மூக்கில்லாத டிரைவர வச்சுக்குவாங்களா?"

அவள் சொன்னது சரி. பால் புளிக்கத் தொடங்கினால் முதலில் தெரிவது மணத்தில்தான். டிரைவர் அதைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் அமோனியா ஊற்றி, வேகமாகக் கொண்டுபோக வேண்டும். அந்த வேலையை நான் பல வருடமாகச் செய்யவில்லை, செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சீட் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. புது ரேடியேட்டர், புதுக் கராஜ். இனிக் கேனை நானே இறக்கி ஏற்றுவேன். பஷீர் நானாவும் எத்தனையோ தப்புச் செய்தவர்தானே, இந்த ஒன்றும் அவர் தலையில் இருந்துவிட்டுப் போகட்டும். இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே மூன்று வாரம் லொறி ஓட்டினேன். பனி இருந்தது, சிவப்பு இலை உதிரத் தொடங்கியிருந்தது. ஆனால் மனசு எங்கேயும் போகவில்லை. பாதையோரம் யாரும் நிற்கவில்லை.

7. நானாவின் கை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறி மாவனல்லைப் பக்கம் போனேன். கராஜில் வண்டி ஒன்றும் இல்லை. பஷீர் நானா ஒரு சைக்கிள் டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டின இடத்தைத் திருப்பித் திருப்பி அமுக்கினார். ஒரு தரம் பார்த்தார், மறுபடி பார்த்தார், மூன்றாம் தரமும் பார்த்தார். அவர் எதையும் இரண்டாம் தடவை பார்த்து நான் கண்டதில்லை.

"வாங்க டிரைவர்" என்றார். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என்ன நானா, பெரிய வேல ஒண்ணும் இல்லயா?"

"நான் ரேடியேட்டர் வேலய விட்டுட்டன். பெரிய வேலயும் எடுக்கிறல்ல. ஓங்கட வொய்ஸ எனக்கும் ஒருத்தர் போட்டுக் காட்டினார். நீங்க சொன்னது சரிதான். எண்ட கை போயிட்டுப் போல. அந்த ஈயத்த நான் நல்லாத்தான் வச்சன். வச்சது கண்ணுக்குள்ளயே நிக்கிது. ஆனாப் போயிட்டே. இப்ப எதச் செஞ்சாலும் போயிருமோ, போயிருமோன்னு ஈக்குது."

அங்கிருந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேன், வரக்காப்பொலை பாஸ், பாஸ் அவர் கையைப் புகழ்ந்தது, என் மூக்கு, எல்லாம். அவர் டியூப்பைப் பிடித்தபடியே கேட்டார். முடிந்ததும் டியூப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து வைத்தார்.

"கேன எறக்கினது நான்தான். மாத்தி வச்சும் ஈப்பன்" என்றார். "மூடியால கசிஞ்சு மணந்திச்சி டிரைவர். ஓங்கட லொறில எதுதான் மணக்கல்ல? அதுதான் பேசாம வச்சன்."

அவருக்கு மணந்திருக்கிறது. கவலைப்படவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. மூன்றும் ஒரே மூச்சில் வந்தன.

"நாளைக்கு தொரைகிட்ட சொல்லிர்றேன் நானா."

"வாணாம்" என்றார் உடனே. "ஓங்களுக்கு லொறி இல்லாமப் போகும். அந்த ஈயம் போகல்ல, அது எனக்குத் தெரிஞ்சாப் போதும். நீங்க பேசாமப் போங்க."

அவர் மட்டும் அன்று என்னைத் திட்டியிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன்.

8. இரண்டு கிளாஸ்

துரை நான் சொன்னதை நம்பவில்லை.

"அந்த ஆளு வந்து அழுதானா? அவனக் காப்பாத்த இப்பிடி ஒரு கதையா சவரி? மூணு வாரத்துக்கு முன்னாடி எங்கிட்ட வேற மாதிரிப் பேசினியே."

"அப்ப எனக்குத் தெரியாதுங்க சேர்."

அவர் பியூனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பியூன் ஸ்டோருக்குப் போய் இரண்டு கண்ணாடி கிளாஸ் கொண்டுவந்தார். இரண்டிலும் பாதியளவு தண்ணீர் மாதிரி. துரையின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணுல அமோனியா. எதுன்னு சொல்லு."

குனிந்தேன். ஒன்றை மோந்தேன், மற்றதை மோந்தேன். கண் ஓரம் எரிந்தது, எதனால் என்று பிரிக்க முடியவில்லை. இரண்டிலும் காலை வெளிச்சம் ஒரே மாதிரி நின்றது. நிமிர்ந்தபோது துரையின் முகத்தைப் பார்த்தேன். அவருடைய கண்கள் சிவந்து கலங்கியிருந்தன. நாற்காலியைத் தன் வலது கைப் பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தார், தன் இடப்பக்கம் இருந்த கிளாஸை விட்டுத் தள்ளி.

அது போதும் எனக்கு. கையை நீட்டி அந்தக் கிளாஸைக் காட்டினால் வேலை முடிந்தது. "பாத்தியா, ஒனக்கு ஒண்ணும் இல்ல, போய் லொறிய எடு" என்பார். மேல் டிவிஷனில் அந்த நேரம் பால் சேர்ந்துகொண்டிருக்கும். லொறி வெளியே வெயிலில் நின்றது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அந்தச் சில நொடிகள் எவ்வளவு நீளமாக இருந்தன என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. லொறியில் கழிந்த இருபத்திரண்டு வருடமும் அதற்குள் ஒரு தரம் போய் வந்தது.

"தெரியலங்க சேர்" என்றேன். "மூக்குல ஒண்ணும் வரலங்க."

துரை இரண்டு கிளாஸையும் எடுத்துப் போகச் சொன்னார். ஜன்னலைத் திறந்தார். வெளியே பார்த்துக்கொண்டு, "எத்தன வருஷமா?" என்றார். "ஏழெட்டு இருக்கும்னு வீட்டுல சொல்றாங்க சேர்" என்றேன். சாவியை மேசையில் வைத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சரியாக இருந்திருக்காது.

"நானா கராஜுக்கு ஆபீசுல இருந்து ஒரு கடிதம் போகும். குரூப்புல நீ போட்டத நீதான் சரி செய்யணும்" என்றார்.

ஆபீஸ் வாசலிலேயே நின்று வொய்ஸ் போட்டேன். முன்னதைப்போல மூன்று நிமிஷம் இல்லை, அரை நிமிஷம். தப்பு என்னுது, கேன் மாறினது எனக்குத் தெரியாமப் போச்சு, எனக்கு வாசனை தெரியாது, நானாவோட ஈயம் போகல. அதை நான் திரும்பக் கேட்கவில்லை. பிறகு பல வருடத்துக்குப் பின் அந்தப் பாதையில் நடந்தே லயத்துக்குப் போனேன். சிவப்பு இலை கணுக்கால் வரை கிடந்தது. ஓட்டும்போது கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. துக்கமாகத்தான் இருந்தது, ஆனால் மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கனம் இல்லை.

9. இப்போது ஓட்டுகிறவர்களுக்கு

கேனின் மூடியில் பெயின்ட் அடியுங்கள். அமோனியாவுக்குச் சிவப்பு, தண்ணீருக்கு வெள்ளை. எங்கள் தோட்டத்தில் இப்போது அப்படித்தான். எந்தச் சாமானையும் அது இருக்கும் இடத்தை வைத்து மட்டும் நம்பாதீர்கள். உடம்பில் ஏதாவது குறைவது தெரிந்தால் மறைக்காதீர்கள். மறைத்தால் அந்தக் குறை உங்களோடு நிற்காது, இன்னொருவர் மேல் போய் ஏறும். என் மூக்குப் போனதற்கு பஷீர் நானாவின் கைதான் பழி சுமந்தது.

கடைசி நான்கு வருடம் விறகு ட்ரக்டர் ஓட்டி ஓய்வுபெற்றேன். ட்ரக்டருக்கு மாறின இரண்டாம் மாதம் அதன் ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது. கடிதம் போன பிறகும் நானா ரேடியேட்டர் வேலையைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். வேண்டுமென்றே அவரிடம் கொண்டுபோனேன்.

"வாணாம் டிரைவர், வேற ஆளுக்குக் குடுங்க" என்றார். நான் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் கழித்துக் கழற்றினார். ஈயம் வைத்தார். ஒட்டின இடத்தைத் தண்ணீரில் அமுக்கி மூன்று தடவை பார்த்தார், நாலாம் தடவையும் பார்த்தார். குமிழி வரவில்லை. பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. ஏதோ ஒரு பழைய பாட்டை மூக்குக்குள் முனகத் தொடங்கினார். மாட்டினார், தண்ணீர் ஊற்றினார், "எடுத்துக்கிட்டுப் போங்க, இனிப் போகாது" என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ட்ரக்டரில் ஏறினவன் பார்த்தேன். ரேடியேட்டர் மூடி பெஞ்சிலேயே கிடந்தது. பழைய நானா மாதிரியே போட மறந்துவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவரைக் கூப்பிடாமல் நானே இறங்கிப்போய் அதை எடுத்து மாட்டிக்கொண்டேன்.